பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு முகவரி எழுதுங்கள்!

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியது. இணையதள வணிக நிறுவனங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கக் கூடாது, உரிமம் பெற்ற வியாபாரிகள் மூலமாகவே விற்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதி. பேரியம் உப்புக்கு விழுந்த தடையைப் பற்றியும், பசுமைப் பட்டாசைப் பற்றியும் சிவகாசி வட்டாரம் அப்போது நிறையப் பேசியது. அந்தக் கவலை நியாயமானது. இன்றைக்கும் அது தீர்ந்தபாடில்லை.

ஆனால் இந்தத் தீர்ப்புக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. சட்டப்படி பட்டாசு வாங்க நினைப்பவர் உரிமம் பெற்ற கடையின் வாசலுக்கு நேரில் வந்தாக வேண்டும். சரி, நேரில் வருகிறவர் எங்கே தங்குவார்?

பட்டாசை இண்டர்நெட்டில் விற்கத் தடை இருக்கிறது. பட்டாசு வாங்க வருபவருக்குத் தங்கும் இடத்தை இண்டர்நெட்டில் காட்டத் தடை எதுவும் இல்லை. இந்த ஒரு வரியை நம் வியாபாரிகளும் இளைஞர்களும் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தத் தலையங்கம்.

யார் வருகிறார்கள்?

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் மட்டும்தான் சிவகாசிக்கு ஆள் வருகிறது என்று நினைத்தால் அது பாதிக் கணக்கு. ஆடி 18 அன்று தினசரி காலண்டர் ஆல்பங்கள் வெளியாகின்றன. அதன் பிறகு காலண்டர், டைரி ஆர்டர் கொடுக்கும் ஏஜெண்டுகள் அச்சகம் அச்சகமாக ஏறி இறங்குகிறார்கள். சித்திரை விஷுவுக்கு முன்பு கேரளத்துக் கொள்முதல்காரர்கள் வருகிறார்கள். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏற வருபவர்கள் தாணிப்பாறை அடிவாரத்தில் திரள்கிறார்கள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி, ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கூட்டம் பிரிந்து போகிறது.

மாவட்டமும் முன்பு போல இல்லை. 2021-ல் சிவகாசி மாநகராட்சி ஆனது. திருத்தங்கலும் அதில் சேர்ந்தது. அதே ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே மாணவரைச் சேர்க்க வரும் பெற்றோரும், நோயாளிக்குத் துணையாக வரும் உறவினரும் ஓர் இரவாவது தங்க வேண்டியிருக்கிறது. வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வு, அந்த ஊர்ப் பெயரை வெளியூரிலும் தெரிய வைத்திருக்கிறது. இ.குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023-ல் அறிவித்தார்கள். அது எழும்பும்போது என்ஜினீயரும் ஒப்பந்தக்காரரும் மாதக் கணக்கில் தங்க இடம் தேடுவார்கள்.

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் குடும்பத்தோடு வருபவர் விடியும் வேளையில் சிவகாசியில் இறங்குகிறார். லாட்ஜில் ஓர் அறைக்கு இரண்டு கட்டில். ஐந்து பேருக்கு இரண்டு அறை எடுக்க வேண்டும். குழந்தைக்குப் பால் காய்ச்ச ஓர் அடுப்பு கிடையாது. அவருக்குத் தேவை ஒரு வீடு, இரண்டு நாளைக்கு மட்டும்.

நம் தெருக்களில் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன? சவூதியிலும் துபாயிலும் மலேசியாவிலும் வியர்வை சிந்திச் சம்பாதித்த காசில் கட்டிய மாடி, கட்டியவர் ஊர் வரும் ஒரு மாதத்திற்காகப் பதினோரு மாதம் தூசி படிந்து கிடக்கிறது. பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட்ட பெரியவர் கீழே தனியாக இருக்கிறார். மேல் மாடி காலி. வட்டிக்குக் கடன் வாங்கிப் புதிதாக லாட்ஜ் கட்டுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் படுகுழியில் யாரும் விழ வேண்டாம். கையில் இருக்கும் பூட்டிய கதவைத் திறந்து பாருங்கள் என்றுதான் சொல்கிறோம்.

ஆனால் ஒன்று. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. இங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது என்பது ஈரோட்டில் இருப்பவருக்கும் கொல்லத்தில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும்.

லேபிள் ஒட்டத் தெரிந்த ஊர்

விளம்பரம் என்றால் என்ன என்பதைச் சிவகாசிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீக்குச்சி எல்லாப் பெட்டியிலும் ஒன்றுதான். பெட்டியின் மேல் ஒட்டிய லேபிள்தான் வாங்குபவனுக்கு அடையாளம். படத்தைப் பார்த்துப் பெட்டியைக் கேட்டு வாங்கினான். அந்த லேபிளை அச்சடிக்கும் தேவையும் சேர்ந்துதான் இந்த ஊரில் அச்சுத் தொழிலை வளர்த்தது.

இன்றைக்கு வீட்டுக்கும் ஒரு லேபிள் வேண்டும். கூகுள் மேப்பில் ஒரு புள்ளி, ஜஸ்ட் டயலில் ஒரு பதிவு, பயணத் தளங்களில் ஒரு பக்கம், வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு எண் - இவைதான் அந்த லேபிள். நீங்கள் ஒட்டவில்லை என்றால் வேறொருவர் தன் லேபிளை உங்கள் பெட்டியில் ஒட்டிக்கொள்வார். உங்கள் வீட்டைத் தன் பெயரில் போட்டு, தன் எண்ணைக் கொடுத்து, இரண்டு பங்கு வாடகை வாங்கி, உங்களுக்கு ஒரு பங்கு தருவார். அப்புறம் குறைபட்டு என்ன பயன்?

எப்படி எழுதுவது?

முதலில் ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு போன் நம்பர் என்று முடிவு செய்யுங்கள். எல்லா இடத்திலும் அதே எழுத்தில் அதையே போடுங்கள். ஓரிடத்தில் ‘ரஹ்மத் இல்லம்’, இன்னோரிடத்தில் ‘ரஹ்மத் ரெசிடென்சி’, மூன்றாவது இடத்தில் தம்பியின் பழைய நம்பர் என்று இருந்தால், தேடுபவர் குழம்புவார். தேடித் தரும் இயந்திரமும் குழம்பும்.

கூகுள் மேப்பில் ஒரு விதி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. விடுமுறைக்கு விடும் வாடகை வீடு, காலி அடுக்குமாடி வீடு போன்றவற்றை வணிக நிறுவனமாகப் பதிய அதன் விதிகள் இடம் தரவில்லை. ஆள் இருந்து விருந்தினரை வரவேற்கும் கெஸ்ட் ஹவுஸ், விடுதி போன்றவை பதியலாம். ஆகவே உங்கள் வீடு எந்த வகை என்று முதலில் பாருங்கள். கீழே குடும்பம் குடியிருந்து மேலே விருந்தினரை வைப்பது வேறு. சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போவது வேறு. விதியை மீறிப் பதிந்தால் ஒரு நாள் பக்கமே காணாமல் போகும், அதில் சேர்த்த நல்ல பெயரும் சேர்ந்து போகும். அந்த வகை வீட்டுக்குப் பயணத் தளங்களும் உள்ளூர் விளம்பரப் பட்டியல்களும்தான் சரியான இடம்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். கேரளத்துக்காரர் வருகிறார் என்றால் மலையாளத்தில் நான்கு வரி சேர்ப்பதில் என்ன நஷ்டம்? ‘பஸ் நிலையம் அருகில்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், நடந்து போக எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். கார் நிறுத்த இடம் உண்டா? படி எத்தனை? வயதானவர் ஏற முடியுமா? கழிப்பறை மேல்நாட்டு வகையா? தண்ணீர் எந்நேரமும் வருமா? மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் உண்டா? விடியற்காலை ரயிலில் வருபவருக்கு அப்போதே கதவு திறக்குமா? ஏ.சி. போட்டால் தனிக் கட்டணமா? ஊர் விட்டு ஊர் வருபவரின் மனதில் இருக்கும் கேள்விகள் இவைதான். இவற்றுக்குப் பதில் எழுதியவரின் போன் மணி அடிக்கும். ‘சகல வசதிகளும் உண்டு’ என்று எழுதியவரைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

உள்ளதை உள்ளபடி

விருதுநகர் மார்க்கெட் நிலவரம் தமிழ்ப் பத்திரிகைகளில் வெளியாகும். பருப்பு, மிளகாய் வற்றல், எண்ணெய் விலையைப் பல ஊர் வியாபாரிகள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். ஏன்? அந்தச் சந்தையின் சொல்லில் நம்பிக்கை இருந்தது. சரக்கு ஒரு தரம், மாதிரி ஒரு தரம் என்று காட்டியவன் மண்டியில் இரண்டாம் முறை நிற்க முடியாது.

தானியக் குவியலின் மேலே காய்ந்ததை வைத்து, அடியில் நனைந்ததை மறைத்த வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையிலேயே கண்டித்த நிகழ்ச்சியை நாம் ஜும்ஆ மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? வீட்டின் போட்டோவுக்கும் அதே அளவுகோல்தான். பெயிண்ட் அடித்த அன்றைக்கு எடுத்த படத்தை ஐந்து வருடம் கழித்தும் போடுவது நனைந்த தானியத்தை மறைப்பதுதான். பக்கத்தில் அச்சகம் ஓடுகிறது, இரவில் மெஷின் சத்தம் கேட்கும் என்றால் அதையும் எழுதுங்கள். ஓர் ஆள் வராமல் போகலாம். வந்தவர் ஏமாந்தேன் என்று எழுதுவதால் போகும் நூறு ஆளைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொரு தப்பும் நடக்கிறது. மச்சான், சம்பந்தி, கூட்டாளி என்று பத்துப் பேரைப் பிடித்து, தங்காத வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் போட வைப்பது. இணையதளக் கருத்துரைகளை எப்படிச் சேகரிக்க வேண்டும், எப்படி வெளியிட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-ல் ஐ.எஸ். 19000 என்ற தர விதியையே கொண்டு வந்திருக்கிறது. தவறான விளம்பரத்தைத் தண்டிக்க 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். தங்காதவன் தங்கினேன் என்று எழுதுவது பொய்ச் சாட்சியம் அல்லவா? தங்கிப் போனவரிடம், ‘உள்ளதை எழுதுங்கள்’ என்று கேட்டாலே போதும். குறை எழுதினால் கோபப்படாமல், குறையைச் சரி செய்துவிட்டு, சரி செய்ததை அதன் கீழே பணிவாக எழுதுங்கள். அடுத்து வருபவர் நட்சத்திரத்தை மட்டும் பார்ப்பதில்லை. குறை சொன்னவருக்கு நீங்கள் எப்படிப் பதில் சொன்னீர்கள் என்பதையும் பார்க்கிறார்.

தரகு யாருக்கு?

கமிஷன் மண்டி தெரிந்தவர்களுக்குப் பயணத் தளங்களின் தொழிலை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் ஆளை அழைத்து வருகிறார்கள், தரகு எடுக்கிறார்கள். அது தளத்துக்குத் தளம் மாறும். கணக்குக்காக நூற்றுக்குப் பதினைந்து என்று வைப்போம். ஓர் இரவுக்கு ரூ.1,500 வாடகை, மாதம் இருபது இரவு. மொத்தம் ரூ.30,000. தரகு ரூ.4,500. ஆளே தெரியாத புதிய வீட்டுக்கு முதல் ஆறு மாதம் இது நியாயமான செலவுதான். ஆனால் ஆயுள் முழுவதும் ஒரே தரகரை நம்பி இருக்கலாமா?

இதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. ஹோட்டல்கள் வேறு தளத்தில் குறைந்த வாடகைக்குக் கொடுக்கக் கூடாது என்று மேக் மை டிரிப் - கோஐபிபோ நிறுவனம் நிபந்தனை போட்டது என்றும், ஓயோவுடன் செய்துகொண்ட ஏற்பாட்டால் அதன் போட்டி நிறுவனங்கள் தளத்திலிருந்து நீக்கப்பட்டன என்றும் புகார் எழுந்தது. இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்து, 2022 அக்டோபரில் மேக் மை டிரிப் - கோஐபிபோவுக்கு ரூ.223.48 கோடியும், ஓயோவுக்கு ரூ.168.88 கோடியும் அபராதம் விதித்தது. விஷயம் மேல்முறையீட்டுக்குப் போனது. அதன் முடிவு எதுவாகவும் இருக்கட்டும். நமக்கு உள்ள பாடம் வேறு. ஒரே வாசல் வழியாக மட்டும் வாடிக்கையாளர் வந்தால், அந்த வாசலை மூடுபவன்தான் உங்கள் முதலாளி.

ஆகவே மூன்று நான்கு இடங்களில் பதியுங்கள். ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் படித்த பிள்ளையை வைத்துப் படியுங்கள். வாடகையை மாற்றும் உரிமை யாரிடம்? முன்பதிவை ரத்து செய்தால் நஷ்டம் யாருக்கு? பணம் எத்தனை நாளில் கணக்குக்கு வரும்? இந்த மூன்றும் தெரியாமல் ‘சம்மதம்’ பொத்தானை அழுத்தாதீர்கள். ஒரே தேதியை இரண்டு தளத்தில் இரண்டு பேருக்குக் கொடுத்துவிடாமல் ஒரு நோட்டிலாவது குறித்து வையுங்கள். அதே சமயம், தளம் அனுப்பிய ஆளிடம் ‘அதை ரத்து செய்துவிட்டு நேரில் வாங்க, குறைத்துத் தருகிறேன்’ என்று பேசுவதும் மோசடிதான். தரகரை ஏமாற்றுபவன் நாளை வாடிக்கையாளரையும் ஏமாற்றுவான்.

இந்த மண்ணுக்கு மட்டும் உரிய எச்சரிக்கை

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வாடகை வீடு நடத்துபவருக்கு இல்லாத பொறுப்பு ஒன்று இந்த வட்டாரத்தில் இருக்கிறது. இங்கே வரும் விருந்தினர் வாங்கி வரும் பையில் வெடிமருந்து இருக்கலாம்.

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியை மறக்க முடியுமா? 38 பேருக்குக் குறையாமல் அன்று கருகினார்கள். 2021 பிப்ரவரி 12 அச்சன்குளத்தில் இருபது பேருக்குக் குறையாத உயிர்கள் போயின. உரிமம் ஒருவர் பெயரில், வேலை நடத்துவது வேறொருவர் என்ற உள்குத்தகைப் பழக்கம் பட்டாசு விபத்துகளுக்குப் பிறகு திரும்பத் திரும்பப் பேசப்பட்டிருக்கிறது. வீட்டை வாடகைக்கு விடும் ஒவ்வொருவரும் இதிலிருந்து பாடம் படிக்க வேண்டும்.

உங்கள் விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்: ‘அறைக்குள் பட்டாசு வைக்க அனுமதி இல்லை.’ கதவின் உள்பக்கமும் அதையே எழுதி ஒட்டுங்கள். முதலில் ஓய்வு, ஊருக்குக் கிளம்பும் அன்றைக்குக் கடைசியாகக் கொள்முதல் என்று விருந்தினருக்கு வழி சொல்லுங்கள். ரயிலில் பட்டாசு கொண்டு போவது ரயில்வே சட்டப்படி குற்றம், மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்பதையும் சொல்லி அனுப்புங்கள். வெளியூர்க்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியும்.

‘இரண்டு மாதத்திற்கு மொத்தமாகத் தருகிறேன், நீங்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், சாமான் மட்டும் வைப்பேன்’ என்று சீசனில் ஒருவர் இரட்டிப்பு வாடகை பேசினால், அந்தக் காசு நெருப்பு. கதவைச் சாத்துங்கள். பக்கத்து வீட்டில் தூங்கும் குழந்தையின் உயிருக்கு நீங்கள் ஜாமீன்.

எல்லோருக்கும் திறக்கும் கதவு

இனி நம் நெஞ்சைத் தொடும் விஷயத்திற்கு வருவோம். பெயரைக் கேட்டதும், ‘வீடு இல்லை பாய், இப்பத்தான் வேற ஆளுக்குப் பேசி முடிச்சோம்’ என்ற பதிலைக் கேட்காத முஸ்லிம் இளைஞர்கள் பெருநகரங்களில் எத்தனை பேர்? அந்த வலி நமக்குத் தெரியும்.

இண்டர்நெட் வந்தால் இந்த நோய் தீர்ந்துவிடும் என்று நினைத்தார்கள். தீரவில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆய்வாளர்கள் 2015-ல் ஐந்து நகரங்களில் ஏர் பி.என்.பி. தளத்தில் சுமார் 6,400 வீடுகளுக்கு விசாரணை அனுப்பிப் பார்த்தார்கள். விசாரணையில் வேறு எந்த வித்தியாசமும் இல்லை, அனுப்பியவரின் பெயரில் மட்டும்தான் வித்தியாசம். கறுப்பினத்தவர் பெயருக்குச் சம்மதம் கிடைத்தது வெள்ளையர் பெயரைவிட 16 சதவீதம் குறைவு. 2017-ல் இந்த ஆய்வு வெளியானது. பின்னர் 2018-ல், முன்பதிவு உறுதியாவதற்கு முன் விருந்தினர் போட்டோவை வீட்டுக்காரருக்குக் காட்டுவதில்லை என்று அந்த நிறுவனம் முறையை மாற்றியது.

நம் அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு என்ன சொல்கிறது? கடை, உணவகம், ஹோட்டல் போன்ற இடங்களுக்குள் நுழைய மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் காரணமாக எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஒரு வீட்டை நாள் வாடகைக்கு ஊருக்கே விளம்பரம் செய்யும்போது அந்தப் பிரிவின் உணர்வு நம் வாசலுக்கும் வந்து நிற்கிறது.

ஆகவே, சகோதரர்களே! இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, உங்கள் பெயரை மறைக்காதீர்கள். ‘முஸ்லிம் பெயர் போட்டால் ஆள் வராது’ என்று பயந்து பொதுப் பெயர் போட்டு ஒளிய வேண்டாம். சுத்தமான படுக்கை, சொன்ன வாடகை, மரியாதையான பேச்சு - இவற்றுக்கு மதம் கிடையாது. இரண்டு, நமக்கு மறுக்கப்பட்டதை நாம் பிறருக்கு மறுக்கக் கூடாது. சதுரகிரி போக விரதம் இருந்து வரும் பக்தர் வந்தாலும், ‘அண்ணாச்சி, ரூம் இருக்கா?’ என்று சாத்தூர்க்காரர் கேட்டாலும், ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த சகோதரர் குடும்பத்தோடு வந்தாலும், வேலை விஷயமாகத் தனியே வரும் பெண் கேட்டாலும் கதவு ஒன்றுதான், வாடகை ஒன்றுதான். விரதக்காரர் சமைக்கத் தனிப் பாத்திரம் கேட்டால் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுங்கள். சைவ வீடா, அசைவம் சமைக்கலாமா என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

‘அப்படியானால் நம் வீட்டில் குடித்துவிட்டு ஆடினாலும் பொறுக்க வேண்டுமா?’ என்று கேட்கலாம். வேண்டியதில்லை. மது கூடாது, இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று எழுதுங்கள். அதை எல்லோருக்கும் ஒன்றாக அமல்படுத்துங்கள். நடத்தைக்கு விதி போடலாம். பிறப்புக்கு விதி போடக் கூடாது. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதிச் சச்சரவு வராது.

சட்டத்தோடு நில்லுங்கள்

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தங்கும் இல்லத் திட்டத்தில், உரிமையாளர் குடும்பத்தோடு குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை முதல் ஆறு அறை வரை விருந்தினருக்கு விடப் பதிவு செய்யலாம். மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி அலுவலகத்தில் என்ன அனுமதி வேண்டும், சொத்து வரி மாறுமா, மின் இணைப்பு வகை மாற வேண்டுமா என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆண்டு வருமானம் ரூ.20 லட்சத்தைத் தாண்டாத சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. நாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள தங்கும் அறைகளுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகியிருக்கிறது. உங்களுக்கு எது பொருந்தும் என்று ஒரு கணக்காளரிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொள்வது, பிறகு நோட்டீஸ் வந்து அலைவதைவிட மலிவு.

வருபவரின் பெயர், ஊர், போன் நம்பர் பதிவேட்டில் இருக்கட்டும். அடையாள அட்டையைப் பாருங்கள். ஆதார் நகல் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலே போதும். அதையும் கண்ட இடத்தில் போடாதீர்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் குடியேற்றத் துறைக்கு இணையம் வழியாகத் தகவல் தர வேண்டும். ‘சொந்தக்காரர்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். நம் பெயருக்கு மட்டும் கேள்வி இரண்டு மடங்காக வரும் காலம் இது. காகிதம் சரியாக இருந்தால் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

இளைஞர்களே, இது உங்கள் வேலை!

பெரியவர்களிடம் வீடு இருக்கிறது. செல்போனில் எழுதத் தெரியாது. உங்களிடம் செல்போன் இருக்கிறது. இரவு முழுவதும் அதைத்தான் தடவிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் நான்கு இளைஞர்கள் முன்வாருங்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை போதும். வீடு காலியாக வைத்திருப்பவர்களை அழைத்து உட்கார வையுங்கள். பகல் வெளிச்சத்தில் உள்ளது உள்ளபடி போட்டோ எடுங்கள். பெயர், முகவரி, எண், வாடகை, விதி - ஐந்தையும் அவர்கள் வாயால் கேட்டு எழுதுங்கள். கணக்கு, கடவுச்சொல், வங்கி எண் மூன்றும் வீட்டுக்காரர் பெயரிலேயே இருக்கட்டும். உதவி செய்யப் போன இடத்தில் நீங்களே புதிய தரகராக முளைத்துவிடாதீர்கள். கணவனை இழந்த சகோதரிகளின் வீடுகளுக்கு முதல் இடம் கொடுங்கள். மேல் மாடி வாடகையில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்ட முடிந்தால், அந்தத் தாய் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

ஒரு வீடு திறந்தால் அந்த வீட்டோடு நிற்காது. படுக்கை விரிப்பு துவைப்பவர், அறை பெருக்குபவர், ஆட்டோ ஓட்டுபவர், இட்லி கொண்டு வந்து தருபவர், விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்கு வழி காட்டுபவர் என்று ஐந்து பேருக்கு வேலை வரும். அவர்களுக்குப் பேசிய கூலியை வேலை முடிந்த அன்றே கொடுங்கள். வியர்வை காய்வதற்குள் கூலி என்பது நமக்குப் புதிய பாடம் அல்லவே! உங்கள் வீடு நிறைந்துவிட்டால் வந்தவரை நடுத்தெருவில் விடாமல் அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள். அந்த வீடு யாருடையதாக இருந்தாலும் அனுப்புங்கள். நாளை அவர் உங்களுக்கு அனுப்புவார். ஊர் வியாபாரம் இப்படித்தான் வளரும்.

பட்டாசுத் தொழில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வழக்கின் முடிவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒரே தொழிலை நம்பி இந்த வட்டாரத்து இளைஞர்கள் எத்தனை நாள் உட்கார முடியும்? பெரிய முதலீடு கேட்காத ஒரு வழி கண்முன் இருக்கிறது. அது கேட்பது மூன்றுதான்: சுத்தமான வீடு, உண்மையான நாலு வரி, எல்லோருக்கும் திறக்கும் மனசு.

உங்கள் வீட்டின் முகவரியை நீங்களே எழுதுங்கள். உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தேடி வருபவர் வந்து பார்த்து, ‘சொன்னபடி இருக்கு பாய்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும். எந்த விளம்பரத்தையும்விட அந்த ஒரு வார்த்தை நம்மைப் பற்றி ஊருக்கு உரக்கச் சொல்லும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!